கருமருந்துத் துப்பாக்கியில் மான் வேட்டை: எத்தனை கஜம் வரை சுடலாம்?

மலைச்சரிவு (பென்சில்வேனியா) | ஜனவரி 29

சக்கிமுக்கிப் பருவம் முடிந்து பத்து நாள் ஆகிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாளும் மனத்துக்குள் போராட்டம். எழுதாமல் விட்டால் அடுத்த ஆண்டும் இதையே செய்வேன் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எனக்கு இது இரண்டாவது ஆண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் இந்தப் பருவத்தில், சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பற்றும் துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி. 1974 முதல் நடக்கிறது. என்னுடையது .50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்), குழலுக்குள் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கு (குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம்). 80 கிரெய்ன் (சிறு எடையளவு) இரண்டு-எஃப் பருமன் கருமருந்து, துணி வில்லையில் பொதிந்த .490 அங்குல உருண்டை ஈயக்குண்டு. 50 கஜத்தில் குறி பொருத்தியிருக்கிறேன், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும். மேசையில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டால் மூன்று குண்டும் இரண்டு அங்குலத்துக்குள் விழும். அந்த இரண்டு அங்குலம்தான் எனக்குத் தலைக்கனத்தைக் கொடுத்தது.

பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை, மாலை நான்கு மணி. ஹெம்லாக் மரங்கள் நிறைந்த சரிவில் காலையிலிருந்து உட்கார்ந்து கால் மரத்துப்போயிருந்தது. எழுந்து நின்ற நேரத்தில் எதிர்ச் சரிவில் ஒரு பெண்மான் வந்து நின்றது. தூரமானி 105 கஜம் காட்டியது. மான் இடப்பக்கம் பார்த்து, முழுப் பக்கவாட்டில் நின்றது. காற்று இடமிருந்து வலமாக வீசிக்கொண்டிருந்தது. சின்னக் கிளைகள் விடாமல் ஆடின. குண்டு தாழும் என்று கணக்குப் போட்டு, முதுகுக்கோட்டில் முன்குறியை (குழல்முனையில் நிற்கும் தகட்டை) வைத்து, நின்றபடியே விசையை இழுத்தேன்.

புகை விலகியபோது மான் இல்லை. அது நின்ற இடத்தில் சாம்பல் பழுப்பு மயிர் சிதறியிருந்தது. பத்தடி தள்ளிப் பனியில் அடர்ந்த சிவப்பு. அதோடு பச்சை கலந்த பழுப்பு. அதன் பொருள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதற்றத்தில் உடனே தடம் பிடித்துக் கிளம்பிவிட்டேன். அரை மைல் போனேன். ஓடைக்கரையில் இருட்டிவிட்டது. இரவு முழுவதும் பனி கொட்டியது. மறுநாள் நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மாலைவரை தேடினேன். கிடைக்கவில்லை.

அந்த மான் எங்கே கிடந்து செத்தது என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

என் கேள்வி நேரடியானது. இந்தத் துப்பாக்கியால் எத்தனை கஜம் வரை சுடலாம்? ஒருவர் 50 என்கிறார், இன்னொருவர் 75 என்கிறார். துப்பாக்கி வாங்கிய கடையில் 100 கஜம் கவலையே வேண்டாம் என்றார்கள்.


ஒஹையோ வேலன் | ஜனவரி 29

தம்பி, வருத்தப்படாதீர்கள். தேடினீர்களே, மறுநாளும் போனீர்களே, அதுவே பலர் செய்யாதது.

ஆனால் குறை உங்களிடம் இல்லை, கருவியில் இருக்கிறது என்பது என் கருத்து. உருண்டைக் குண்டு இருநூற்றைம்பது ஆண்டுப் பழைய சரக்கு. 1985இல் மிசௌரியில் டோனி நைட் தம் இன்லைன் துப்பாக்கியை (தீப்பற்றும் பகுதி மருந்துக்கு நேர் பின்னால் இருக்கும் புதுவகை) கொண்டுவந்த பிறகு கருமருந்து வேட்டையின் கணக்கே மாறிவிட்டது. நான் வைத்திருப்பது .50 இன்லைன், 28 அங்குல முறுக்கு, பிளாஸ்டிக் உறைக்குள் 250 கிரெய்ன் குண்டு, மேலே தொலைநோக்கி. எங்கள் மாநிலத்தில் ஜனவரிப் பருவத்தில் அது செல்லும். 200 கஜம் வரை நான் தயங்குவதில்லை.


சக்கிமுக்கி (பென்சில்வேனியா, 19 பருவம்) | ஜனவரி 30

தம்பி மலைச்சரிவு, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒன்று சொல்கிறேன், ஆறுதலுக்காகச் சொல்லவில்லை: உயரக் கணக்கை நீங்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். 50 கஜத்தில் குறி பொருத்திய உங்கள் குண்டு 100 கஜத்தில் ஐந்தரை, ஆறு அங்குலம் தாழும். முதுகுக்கோட்டில் வைத்தால் நுரையீரலின் மேற்பாதியில் போய் விழும். மேலே கீழே எந்தத் தவறும் இல்லை.

உங்களைக் கவிழ்த்தது காற்று. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சின்னக் கிளைகள் விடாமல் ஆடின என்று. அது மணிக்குப் பத்து மைல் காற்று. அந்தக் காற்று குறுக்கே வீசினால், உருண்டைக் குண்டை 50 கஜத்தில் இரண்டு அங்குலம் தள்ளும். 100 கஜத்தில் நான்கு அங்குலம் என்று நினைத்தால் அதுதான் ஏமாறும் இடம். அங்கே பத்து அங்குலம் தள்ளும். மான் இடப்பக்கம் பார்த்து நின்றது, காற்று வலப்பக்கம் தள்ளியது. தோளுக்குப் பின்னால் விழவேண்டிய குண்டு பத்து அங்குலம் பின்னே போனால் எங்கே விழும்? இரைப்பையில். பனியில் நீங்கள் கண்ட பச்சை அதுதான்.

தூரம் இரட்டிப்பானால் தவறும் இரட்டிப்பாகும் என்று மனம் சொல்லும். உருண்டைக் குண்டு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. உருண்டை காற்றைக் கிழிக்காது, காற்றோடு முட்டும். 177 கிரெய்ன் எடையுள்ள உங்கள் குண்டு குழல்வாயை விட்டுப் புறப்படும்போது நொடிக்கு 1,750 அடி வேகம் இருக்கும் என்று வையுங்கள். 100 கஜம் போய்ச் சேரும்போது ஆயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சும். மோதும் ஆற்றலை அடி-பவுண்டில் சொன்னால் 1,200இல் புறப்பட்டது 400இல் வந்து நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு. வேகம் சரியச் சரியக் காற்றின் பிடி இறுகும்.

அடுத்தது முன்குறி. உங்கள் துப்பாக்கியின் முன்குறித் தகட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 0.08 அங்குலம் இருக்கும். கண்ணிலிருந்து அது 40 அங்குலம் தள்ளி இருக்கிறது. கணக்குப் போட்டால், 100 கஜத்தில் அந்தத் தகடு ஏழு அங்குலத்தை மறைக்கும். வெள்ளைவால் மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் சேர்ந்த உயிர்நிலை எட்டு அங்குல வட்டம். ஆக, நீங்கள் குறி வைத்தது ஓர் இடத்தை அன்று. உயிர்நிலை முழுவதையும் தகட்டால் மூடிவிட்டு, அதற்குள் எங்கோ என்று சுட்டீர்கள். 50 கஜத்தில் அதே தகடு மூன்றரை அங்குலத்தைத்தான் மறைக்கும். மான் மயிரின் ஒரு மடிப்பைத் தேர்ந்தெடுத்துச் சுடலாம்.

கடைசியாக, நின்றபடி சுட்டது. மேசையில் கிடைத்த இரண்டு அங்குலம் மேசைக்குச் சொந்தம். அதைக் காட்டுக்கு எடுத்துப்போக முடியாது.

எத்தனை கஜம் என்று கேட்டீர்கள். யாருடைய கஜம்? வீட்டுக்குப் போய் எட்டு அங்குலக் காகிதத் தட்டு ஒரு கட்டு வாங்குங்கள். 25 கஜத்தில் ஒன்றை மரச்சட்டத்தில் குத்துங்கள். குழலைத் துடைத்துச் சுத்தம் செய்து, காட்டில் எப்படி நிற்பீர்களோ உட்காருவீர்களோ அப்படியே, ஒரே ஒரு குண்டு. மறுபடி துடையுங்கள், மறுபடி ஒன்று. பத்துக்குப் பத்தும் தட்டில் விழுந்தால் ஐந்து கஜம் பின்னே போங்கள். ஒன்று தப்பும் இடத்தில் நில்லுங்கள். அதற்கு ஐந்து கஜம் முன்னால் உங்கள் எல்லை. 19 பருவம் சுட்ட பிறகு என் எல்லை உட்கார்ந்தால் 65, நின்றால் 40. ஐந்து ஆண்டுக்கு முன் உட்கார்ந்தால் 75 இருந்தது. கண் மங்குகிறது, எல்லையும் கூடவே இறங்குகிறது.


மலைச்சரிவு | ஜனவரி 30

அண்ணா, நன்றி. காற்றைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. ஆடிய கிளைகளை நினைவில் வைத்து இங்கே எழுதியிருக்கிறேன். சுடும்போது அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு சந்தேகம். காற்று பத்து அங்குலம் தள்ளும் என்று தெரிந்திருந்தால், பத்து அங்குலம் முன்னே வைத்துச் சுட்டிருக்கலாமா?


சக்கிமுக்கி | ஜனவரி 30

கூடாது. நீங்கள் நின்ற இடத்தில் வீசிய காற்றுதான் உங்களுக்குத் தெரியும். பள்ளத்தாக்கின் நடுவில் என்ன வீசியது, மான் நின்ற சரிவில் என்ன வீசியது என்று யாருக்குத் தெரியும்? மலை இடுக்கில் காற்று மூன்று விதமாகத் திரும்பும். பத்து அங்குலம் முன்னே வைத்த நேரத்தில் காற்று சற்றே அடங்கினால் குண்டு கழுத்தின் அடியிலோ முன்னங்காலிலோ விழும். காற்று இருந்தால் தூரத்தைக் குறையுங்கள். 40 கஜத்தில் அந்தக் காற்றால் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் கெடுதல் செய்ய முடியாது.

அதோடு, குறியை 75 கஜத்துக்கு மாற்றிப் பொருத்துங்கள். 50இல் ஓர் அங்குலம் உயரும், அவ்வளவுதான். உங்கள் எல்லைக்குள் எங்கே நின்றாலும் மேலே கீழே எதுவும் யோசிக்காமல் நெஞ்சின் நடுவில் வைக்கலாம். கை நடுங்கும் நேரத்தில் மனக்கணக்கு போடும் வேலை இருக்கக்கூடாது.


பனிக்காடு (வட பென்சில்வேனியா) | ஜனவரி 31

மலைச்சரிவு தம்பிக்கு, குறியைப் பற்றிச் சக்கிமுக்கி அண்ணா சொல்லிவிட்டார். சுட்ட பிறகு நடந்ததைப் பற்றி நான் சொல்கிறேன். நானும் என் கணவரும் பதினோரு ஆண்டாக இந்தப் பருவத்துக்குப் போகிறோம். தடம் பார்ப்பது பெரும்பாலும் என் வேலை.

முதலில் புகை. சுட்டவுடன் நின்ற இடத்திலேயே நின்று புகை விலகக் காத்திருக்கக்கூடாது. சட்டென்று முழங்காலிட்டுக் கீழே குனியுங்கள். கருமருந்துப் புகை தோள் உயரத்தில் திரண்டு நிற்கும். அதன் அடியில் ஓரடி உயரத்துக்குத் தெளிவு இருக்கும். மான் முதுகை வளைத்துக் குறுகியதா, பின்காலை உதைத்துத் துள்ளியதா, வாலைத் தாழ்த்தி ஓடியதா என்று அந்த இடைவெளியில்தான் தெரியும். முதுகை வளைத்து மெல்ல நடந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. ஓடி மறைந்த இடத்தில் உள்ள ஒரு மரத்தைக் கண்ணால் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மறுபடி மருந்தும் குண்டும் திணித்துக் கெட்டித்துக்கொண்ட பிறகுதான் நகர வேண்டும். நீங்கள் கெட்டித்தீர்களா என்று எழுதவில்லை.

மூன்றாவது, இரத்தம். வெளிர் சிவப்பாக, சின்னச் சின்னக் குமிழோடு நுரைத்திருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் காத்திருந்து போங்கள், நூறு கஜத்துக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பாக, குமிழ் இல்லாமல் இருந்தால் ஈரல். நான்கு மணி நேரமாவது விட வேண்டும். பச்சையோ பழுப்போ கலந்து, தொட்டு முகர்ந்தால் புளித்த வாடை வந்தால் வயிறு. அப்போது சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். அடிபட்ட மானைத் துரத்தாவிட்டால், முதலில் கிடைக்கும் மறைவில் படுத்துவிடும். பெரும்பாலும் அங்கேயே சாகும். துரத்தினால் எழுந்து மைல் கணக்கில் போகும். நீங்கள் துரத்தினீர்கள்.

இதைக் கடிந்து சொல்லவில்லை. எனக்கும் ஒன்று இப்படிப் போயிருக்கிறது, ஏழாண்டுக்கு முன்னால். பனி வரும் என்று வானிலை சொன்னாலும் காத்திருக்கத்தான் வேண்டுமா என்று அன்று நானும் தவித்தேன். பனி கொட்டப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால், கயிற்றில் பிடித்த மோப்ப நாயோடு வருபவர்களை அழைக்கலாம். பென்சில்வேனியாவில் இப்போது அதற்குச் சட்டம் இடம் தருகிறது. பருவம் தொடங்கும் முன்பே அப்படி ஒருவருடைய எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.


மலைச்சரிவு | ஜனவரி 31

அக்கா, கெட்டிக்கவில்லை. வெறும் துப்பாக்கியோடு ஓடினேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.


ஒஹையோ வேலன் | ஜனவரி 31

அண்ணன் சொன்ன கணக்கை மறுக்கவில்லை. அது உருண்டைக் குண்டுக்கான கணக்கு. என் கருவிக்கு அது பொருந்தாது என்பதுதான் என் வாதம். தொலைநோக்கியில் பார்த்தால் 200 கஜத்தில் மானின் இமை தெரிகிறது. அங்கே முன்குறி எதையும் மறைப்பதில்லை.


சக்கிமுக்கி | பிப்ரவரி 1

வேலன், உங்கள் குண்டுக்கும் கணக்கு போடுவோம். 250 கிரெய்ன், புறப்படும் வேகம் 1,850 அடி, 100 கஜத்தில் குறி பொருத்தியது. 150 கஜத்தில் ஐந்து அங்குலம் தாழும். 200இல் பதினைந்து அங்குலம். அதாவது கடைசி 50 கஜத்தில் மட்டும் பத்து அங்குலம் விழுகிறது. அந்த இடத்தில் தூரத்தை 20 கஜம் தவறாக மதித்தால் குண்டு உயிர்நிலையை விட்டு வெளியே. பத்து மைல் காற்று 200 கஜத்தில் ஓரடிக்கு மேல் தள்ளும். குண்டு போய்ச்சேர 0.4 நொடி ஆகும். உங்கள் விரல் விசையை அழுத்திய பிறகு மான் ஓர் அடி எடுத்து வைக்க அது போதும்.

இமை தெரிகிறது என்கிறீர்கள். தெரிவது கண்ணாடியின் திறமை. காற்றும் குண்டின் தாழ்வும் கண்ணாடிக்குள் தெரியாது. நன்றாகத் தெரியத் தெரிய, அருகில் இருப்பதுபோல் மனம் நம்பிவிடும். தொலைநோக்கி வைத்தவர்களுக்கும் அதே காகிதத் தட்டுதான், அதே எட்டு அங்குலம்தான்.


ஒஹையோ வேலன் | பிப்ரவரி 1

தூரமானி வைத்திருக்கிறேன், குண்டு எவ்வளவு தாழும் என்று எழுதிய அட்டையைத் துப்பாக்கியின் மரக்கட்டையில் ஒட்டியிருக்கிறேன். 200இல் மூன்று மான் எடுத்திருக்கிறேன், மூன்றும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ஆனால் அந்த மூன்றும் காற்றே இல்லாத காலை நேரம், மரக்கிளையில் துப்பாக்கியைச் சாத்திச் சுட்டவை. அதைச் சொல்லாமல் வெறும் 200 என்று எழுதியது என் பிழைதான். காற்று இருந்தால் 150க்கு மேல் நானும் சுடமாட்டேன். தட்டு வைத்துப் பார்த்ததில்லை, பார்க்கிறேன்.

இன்லைன்தான் மேல் என்று சொன்னதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன். மழைநாளில் சக்கிமுக்கி பற்றாமல் நிற்கும் துன்பம் எனக்கு வேண்டாம்.


மேற்குமலை (கொலராடோ) | பிப்ரவரி 2

இங்கே கருமருந்துப் பருவத்தில் தொலைநோக்கி கூடாது, பிளாஸ்டிக் உறைக் குண்டு கூடாது, வில்லையாக அழுத்திய மருந்து கூடாது. கொட்டி அளக்கும் மருந்தும் திறந்த குறியும் மட்டும். வந்த புதிதில் இது எதற்கு என்று எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த விதிகளுக்கு நன்றி சொல்கிறேன். கருவி எட்டாத இடத்துக்குக் கால் எட்ட வேண்டும் என்று அவை சொல்லிக்கொடுத்தன.

எங்கள் கழுதைக்காது மான் திறந்த வெளியில் நிற்கும். 300 கஜத்தில் பார்த்துவிட்டு 60 கஜத்துக்குப் போய்ச்சேர மூன்று மணி நேரம் ஆன நாள் உண்டு. காலணியைக் கழற்றிக் கம்பளிக் காலுறையோடு நடந்தேன். காற்று முகத்தில் படும்படியாகவே போக வேண்டும். பிடரியில் பட்ட நொடியில் எல்லாம் முடிந்தது.

மலைச்சரிவு தம்பிக்கு ஒரே ஒரு சொல்: குறுக்குக் குச்சி. இரண்டு குச்சியைப் பெருக்கல் குறிபோல் கட்டி, உட்கார்ந்து, அதன் கவட்டில் குழலை வைத்துச் சுடுவது. அந்தக் காலத்தில் பெருஞ்சமவெளியில் காட்டெருமை வேட்டைக்காரர்கள் செய்தது. அதை எடுத்துப்போக ஆரம்பித்த பிறகு நின்றபடி சுடுவதையே விட்டுவிட்டேன்.


வைகைக்கரை (மதுரை) | பிப்ரவரி 3

துப்பாக்கி பிடித்ததே இல்லை. ஆனால் இழையை ஒரே மூச்சில் படித்தேன். அமெரிக்க விடுதலைப் போரில் 1777 அக்டோபர் 7 அன்று சரட்டோகா அருகே டிமோத்தி மர்ஃபி என்ற வீரர் 300 கஜத்திலிருந்து பிரிட்டிஷ் தளபதி சைமன் ஃபிரேசரை வீழ்த்தினார் என்று படித்திருக்கிறேன். அவர் வைத்திருந்ததும் இதே சக்கிமுக்கித் துப்பாக்கிதானே? பிறகு ஏன் 65 கஜம்?

இன்னொன்று, என் தாத்தா ஊரில் நாட்டுத்துப்பாக்கி இருந்ததாகச் சொல்வார்கள். அதுவும் இப்படித்தான் வாய்வழியாக மருந்து கெட்டிப்பதா?


சக்கிமுக்கி | பிப்ரவரி 3

நல்ல கேள்வி ஐயா. ஃபிரேசர் அன்று அடிபட்டு மறுநாள் காலை இறந்தது வரலாறு. சுட்டவர் மர்ஃபிதான் என்பதும் 300 கஜம் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொண்டாலும், அதிலேயே முதல் குண்டுகள் குதிரையின் சேணவாரையும் பிடரியையும் உரசிக்கொண்டு போயின என்றுதான் சொல்கிறார்கள். போரில் அது வெற்றி. மான் வேட்டையில் அந்த முதல் குண்டு உரசிப்போனால், அதுதான் மலைச்சரிவு தம்பி பத்து நாளாகச் சோறு இறங்காமல் இருப்பதற்குக் காரணம்.

நாட்டுத்துப்பாக்கியும் வாய்வழி கெட்டிப்பதுதான். முதலில் மருந்து, பிறகு குண்டோ ரவையோ, திணிகோலால் இறுக்குவது. பெரும்பாலும் குழலுக்குள் முறுக்கு இருக்காது. முறுக்கு இல்லாத குழலில் உருண்டைக் குண்டு சுழலாமல் போகும், 50 கஜம் தாண்டினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.


நெறியாளர் | பிப்ரவரி 3

புதிதாகப் படிக்கும் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கவனத்துக்கு: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் மான் வேட்டை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உரிமம் இல்லாமல் நாட்டுத்துப்பாக்கி வைத்திருப்பதும் ஆயுதச் சட்டப்படி குற்றம். இந்த இழை, அமெரிக்காவில் உரிமம் பெற்று, பாதுகாப்புப் பயிற்சி முடித்து, பருவத்தில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கானது.


சக்கிமுக்கி | பிப்ரவரி 5

தட்டுப் பயிற்சி தொடங்கும் முன் தம்பி ஒன்று செய்ய வேண்டும், முன்பே எழுதியிருக்க வேண்டியது. சக்கிமுக்கியில் விசை விழுந்ததும் குண்டு புறப்படாது. குதிரை (கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தியல்) விழ வேண்டும், கல் எஃகுத் தகட்டைச் சீவ வேண்டும், பொறி குழலின் பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்தில் விழ வேண்டும், கிண்ணத்து மருந்து பற்றி, அந்தத் தீ பக்கத் துளை வழியாக உள்ளே போக வேண்டும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் கன்னத்துக்குச் சில அங்குலம் முன்னால் தீ எழும். உடல் தானாகப் பின்வாங்கும், கண் மூடும், குழல் சாயும். நமக்குத் தெரியவே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைக் கெட்டித்து அவரிடம் கொடுங்கள். அவர் உங்களுக்குத் தெரியாமல் கிண்ணத்தில் மருந்து போட்டோ போடாமலோ மூடித் தருவார். மருந்து இல்லாத முறை குதிரை வெறுமனே விழும்; அப்போது முன்குறி எங்கே போகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். குழல் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்கட்டும், உள்ளே மருந்து இருக்கிறது. நான் முதல் முறை இதைச் செய்தபோது என் முன்குறி ஒரு முழம் கீழே விழுந்தது. ஏழு பருவம் சுட்டவன் அப்போது நான்.

இதற்குப் பரிகாரம்: வீட்டில், துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இருமுறை பார்த்துவிட்டு, கல்லுக்குப் பதில் அதே அளவு மரத்துண்டைக் கவ்வியில் வைத்து, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து நாளுக்கு இருபது முறை விசையை இழுங்கள். குதிரை விழுந்த பிறகும் மனத்துக்குள் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணும்வரை முன்குறி புள்ளியை விட்டு அசையக்கூடாது. நான்கு மாதம் போதும்.

குழல் சுத்தத்தையும் மறக்கவேண்டாம். ஒரு குண்டு சுட்டாலே உள்ளே கரி படியும். அடுத்த குண்டு வேறிடத்தில் விழும். காட்டில் நீங்கள் சுடப்போவது சுத்தமான, குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் குண்டு. எண்ணெயைச் சாராயத் துணியால் முழுக்கத் துடைத்துவிட்டுக் கெட்டியுங்கள். ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு நாளுக்கு ஒரு குண்டாகப் பத்து நாள் சுடுங்கள். அந்தப் பத்து ஓட்டைகள் பரவியிருக்கும் அளவுதான் உங்கள் துப்பாக்கியின் உண்மையான துல்லியம்.


மலைச்சரிவு | ஆகஸ்ட் 17

ஆறு மாதம் கழித்து வருகிறேன். மார்ச் முதல் மரத்துண்டுப் பயிற்சி. கிண்ணத்தில் மருந்து போடாத சோதனையை என் மனைவியை வைத்துச் செய்தேன். முதல் நாள் ஐந்து முறையில் ஐந்திலும் குழல் சாய்ந்தது. நான் சாய்க்கவே இல்லை என்று சொன்னேன்; அவள் கைப்பேசியில் எடுத்திருந்ததைக் காட்டினாள். கண்ணை இறுக மூடி, தோளை முன்னே தள்ளி நிற்கிறேன். ஜனவரியில் அந்த மானின் முன்னாலும் இப்படித்தான் நின்றிருப்பேன். ஜூன் மாதத்தில் சாய்வது நின்றது.

தட்டுக் கணக்கு, சுத்தமான குழல், ஒவ்வொன்றும் முதல் குண்டு. நின்றபடி 50 கஜம்: பத்துக்கு ஆறு. நின்றபடி 30: பத்துக்குப் பத்து. குறுக்குக் குச்சியில் உட்கார்ந்து 50: பத்துக்குப் பத்து. 60: பத்துக்குப் பத்து. 65: பத்துக்கு ஒன்பது. 75: பத்துக்கு ஆறு.

ஆக, உட்கார்ந்தால் 60, நின்றால் 30. கட்டையில், கன்னம் படும் இடத்துக்கு மேல், வெள்ளை நாடாவில் இந்த இரண்டு எண்ணையும் எழுதி ஒட்டிவிட்டேன். 105 கஜத்தில் ஒரு குண்டு சுட்டுப் பார்த்தேன், காற்றில்லாத நாளில், குச்சியில் வைத்து. தட்டின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை.

மேற்குமலை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. என் குச்சிகள் கடையில் வாங்கிய அலுமினியம். சரிவில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் நழுவுகிறது, விரிக்கும்போது ‘டிக்’ என்று சத்தம் வருகிறது. உங்களுடையது எப்படி?


மேற்குமலை | ஆகஸ்ட் 18

அலுமினியத்தை வீட்டில் வைத்துவிடுங்கள் தம்பி. அரை அங்குலத் தடிப்பில் இரண்டு ஹிக்கரி மரக் குச்சி (உறுதியான மரம்), ஒவ்வொன்றும் 39 அங்குலம். மேல்முனையிலிருந்து ஐந்து அங்குலம் கீழே ஓட்டை போட்டு, இரண்டையும் தோல்வாரால் கட்டுங்கள். ஆணி வேண்டாம், ஆணிதான் சத்தம் போடும். கவட்டின் உட்பக்கம் மான் தோல் சுற்றுங்கள், குழல் உரசினாலும் ஓசை வராது. கீழ்முனையைப் பென்சில்போல் சீவிவிட்டால் பனியிலும் சரிவிலும் குத்தி நிற்கும். சரிவில் உட்காரும்போது கீழ்ப்பக்கக் குச்சியை ஒரு சாண் தள்ளி ஊன்றுங்கள். நான் இடக்கையால் கவட்டையும் குழலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். சுட்டபிறகு ‘ஒன்று, இரண்டு’ எண்ணி முடிக்கும்வரை அந்தக் கையை எடுப்பதில்லை.